முட்டுக்கிடா மேயும் நேரம்

பிப்ரவரி 5

காலையில் இட்லி இரண்டு, சர்க்கரை தொட்டு. மத்தியானம் சோறும் மீன் குழம்பும். மீனைத் தொடவில்லை, குழம்பு மட்டும்.

இப்படித்தான் எழுத வேண்டுமாம். தூத்துக்குடியிலிருந்து அக்கா போனில் சொன்னாள். "மனசுல உள்ளத எழுதுட்டி. ஒண்ணும் வரலன்னா தின்னதயாவது எழுது." மனசில் ஒன்றும் இல்லை. ஆகவே இட்லி.

வேறென்ன எழுத? அந்தமானில் ஹாவ்லாக் தீவு. இங்கே எங்களுக்கு ஒரு சின்ன டைவ் கடை. நானும் என் புருஷன் பிரிட்டோவும் நடத்துகிறோம். சிலிண்டர் மாட்டி ஆட்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டிக் கூட்டிவருவது தொழில். அக்டோபர் வரை நானும் இறங்கினேன். உண்டாகியிருப்பது தெரிந்த அன்றே நிறுத்திவிட்டேன். ஐந்தாம் மாதம், ஜனவரி நான்காம் தேதி, அது தங்கவில்லை. இப்போது ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து வாட்ஸப்புக்குப் பதில் போடுகிறேன்.

இருபத்திரண்டாம் தேதி போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு அக்கா விமான டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறாள். போவதற்கு மட்டும். திரும்பி வர எடுக்கவில்லை. "அவனோட இருந்து என்னத்தக் கண்ட? வந்துரு" என்றாள். பிரிட்டோவிடம் இன்னும் சொல்லவில்லை. போகவா, அவனோடேயே இருக்கவா என்று யோசிக்க உட்கார்ந்தால் யோசனை நகரமாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 6

சிலிண்டரில் காற்றடைக்கும் கம்ப்ரெஸருக்கு ஃபில்டர் மாற்றினேன். உப்புமா.

பிப்ரவரி 8

புது கெஸ்ட். கோயம்புத்தூரிலிருந்து நாச்சிமுத்து என்று ஒருவர். மோட்டார் பம்ப் கம்பெனி வைத்திருக்கிறார். அறுபது வயதிருக்கும். வந்ததும் வராததுமாக, நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"அம்மிணி, எனக்கு ஆமை வேண்டாம், சுறா வேண்டாம். பம்ப்ஹெட் பாக்கோணும். அது ஒண்ணுதான்."

பம்ப்ஹெட் என்பது கிளிமீன் சாதியிலேயே பெரியது. ஆள் நீளம் வரும். நெற்றி உருண்டு துருத்திக்கொண்டிருக்கும், பல் வெளியே தெரியும். ஆண் மீன்கள் தலையோடு தலை முட்டிக்கொள்ளும். அதனால் நானும் பிரிட்டோவும் அதற்கு வைத்த பேர் முட்டுக்கிடா. உயிரோடிருக்கும் பவளத்தைக் கடித்து, அரைத்துத் தின்றுவிட்டு, வெள்ளை மணலாகப் பின்னால் கொட்டிக்கொண்டு போகும். டூரிஸ்டுகள் செருப்பைக் கழற்றிவிட்டு 'ஆஹா என்ன மணல்' என்று நடக்கிறார்களே, அதில் ஒரு பங்கு இது கழித்ததுதான். யாரிடமும் சொல்வதில்லை.

"மலேசியால சிபாடானுக்குப் போனனுங்க. அங்க விடிகாலைல மந்தை மந்தையா வரும்னாங்க. நாம்போன வாரம் பூரா மழை. மாலத்தீவு போனேன், நேத்துத்தானுங்க இருந்துச்சுன்னாங்க. இந்தோனேசியால போட் எஞ்சின் படுத்துக்கிச்சு. நா செஞ்ச பம்ப்பு ஒரு நாள் படுத்ததில்லீங்."

"இங்க இருக்கு. ஆனா வரும்னு கியாரண்டி குடுக்க முடியாது சார்" என்றேன்.

"ஏனுங், ஒரு பேச்சுக்காச்சும் குடுக்கப்படாதா?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். நல்ல மனுஷன். பாவம், மூஞ்சி தொங்கிப்போய்விட்டது.

பிப்ரவரி 10

மாமி போன் செய்தார். பிரிட்டோவின் அம்மா. தூத்துக்குடியில் தனியாக இருக்கிறார். வாரத்துக்கு ஒரு முறை ஒரே பேச்சு.

"ஏட்டி, கடல்ல எறங்காத எறங்காதன்னு படிச்சிப் படிச்சி சொன்னாம்லா. கேட்டியா நீ? பொட்டப்புள்ளைக்கு எதுக்குட்டி அந்தச் சிலிண்டரும் மண்ணாங்கட்டியும்?"

"டாக்டர் அதுனால இல்லன்னுட்டாங்க மாமி. தெரிஞ்ச அன்னிக்கே நிறுத்திட்டேன்."

"டாக்டருக்கு என்ன தெரியும்! ஒனக்குத் தெரியுறதுக்கு முந்தி எறங்குனியே, அது?"

டாக்டரிடம் நானும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். நான்கு முறை கேட்டேன். பிறகு அவரே எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தால் டீ-ஷர்ட்டின் முன்பக்கம் ஈரம். வியர்வை. ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

பிப்ரவரி 11

இன்றும் ஈரம். கறுப்பு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டேன். அடை, வெல்லம்.

பிப்ரவரி 13

வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. சண்டை இல்லை. சண்டை போட ஆள் வேண்டுமே. தண்ணீருக்கு அடியில் பேச முடியாது என்று எல்லாவற்றுக்கும் கை ஜாடை வைத்திருக்கிறோம். இப்போது அதை அடுப்படியிலும் படுக்கையிலும் வைத்து ஓட்டுகிறோம்.

காலையில் எழுந்ததும் அவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து வட்டம் காட்டுகிறான். 'ஓகேயா?' நானும் வட்டம் காட்டுகிறேன். 'ஓகே.' கேள்விக்கும் அதே விரல், பதிலுக்கும் அதே விரல். எவன் கண்டுபிடித்தானோ, புண்ணியவான். பொய் சொல்ல வாயைத் திறக்கவே வேண்டாம்.

இன்று மத்தியானம் சோற்றில் கல் இருந்தது. அவன் பல்லில் கடிபட்டு முகம் சுளித்தான். நான் வட்டம் காட்டினேன். அவனும் காட்டினான். அவ்வளவுதான் இன்றைக்குக் குடும்பம்.

நாச்சிமுத்து சார் மட்டும்தான் வீட்டில் சத்தமாகப் பேசுகிற ஆள். சாப்பாடு எங்களோடுதான். "இந்த வூட்டுல கண்ணுக்குத் தெரியாம தண்ணி நெறச்சு வெச்சிருக்கீங்களாட்டம் இருக்குதுங்க, ஆரும் வாயே தொறக்கறதில்ல" என்றார். பிரிட்டோ சிரித்தான். நான் ரசம் ஊற்றினேன்.

பிப்ரவரி 15

நேற்றும் இன்றும் இறங்கியும் முட்டுக்கிடா கண்ணில் படவில்லை. சார் சோர்ந்து போய்விட்டார். அடுத்த புதன்கிழமை ஊருக்குத் திரும்ப வேண்டுமாம்.

"லேட்டாப் போறோம் சார். அது ராத்திரி பாறைப் பொந்துல படுத்துக் கெடக்கும். விடிஞ்சதும் மொத ஆளா மேல வந்து மேயும். வெயில் ஏறிட்டா ஆழத்துக்குப் போயிரும், இல்லன்னா கலைஞ்சிரும். விடியுறதுக்கு முந்தி கெளம்பணும்" என்றான் பிரிட்டோ. நாங்கள் தொழுவம் என்று சொல்கிற பாறை ஒன்று இருக்கிறது, தீவுக்கு வெளிப்பக்கம், அலை மோதுகிற இடம். அங்கே போக இரண்டு கைடு வேண்டும். எங்கள் இன்னொரு கைடுக்குக் காதில் சீழ்.

டாக்டருக்கு நானே போன் செய்தேன். ரத்தம் நின்றுவிட்டதா, வலி இருக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். எல்லாம் சரியாக இருந்தால் இறங்கலாம், ஆழம் வேண்டாம் என்றார். மார்பைப் பற்றிக் கேட்டார். பாலும் வற்றிவிட்டது என்றேன்.

வியர்வை என்று எழுதியிருந்தேன். இருக்கட்டும், அடித்துத் திருத்தவில்லை.

"நா வாரேன்" என்றேன் பிரிட்டோவிடம். வாயால். அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு வட்டம் காட்டினான்.

பிப்ரவரி 18

பார்த்தாயிற்று.

இருட்டோடு படகில் போய், கிழக்கு வெளுக்கும்போது குதித்தோம். உடம்போடு ஒட்டிக் கிடக்க வேண்டிய வெட்சூட் இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. தண்ணீர் கழுத்துக்குள் இறங்கியது. ஒன்றும் தோன்றவில்லை. முதலில் பிரிட்டோ, நடுவில் சார், கடைசியில் நான்.

பார்ப்பதற்கு முன்னால் கேட்டது. கறக் கறக் என்று, பந்தியில் பத்துப் பேர் சேர்ந்து முறுக்குத் தின்கிற மாதிரி. பாறையின் விளிம்பைத் தாண்டியதும் நின்றுவிட்டோம். முப்பதுக்குக் குறையாது. சாம்பலும் பச்சையுமாக, எருமைக் கூட்டம் போல, யாரைப் பற்றியும் கவலையில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து மான்கொம்புப் பவளத்தில் வாயை வைத்துக் கடித்தது. பவளம் நொறுங்குகிற சத்தம் என் பல்லில் கூசியது. தாடை வரைக்கும் கூசியது. ஒரு மாதத்துக்கு மேலாக என் உடம்பில் எனக்குத் தெரிந்த முதல் விஷயம் அதுதான். தலையை அந்தப் பக்கம் திருப்ப முடியவில்லை. இன்னும் கடிக்கட்டும் என்று இருந்தது.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது.

சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிரிட்டோவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். 'சூப்பர்!' தரையில் அதற்கு அதுதான் அர்த்தம். தண்ணீருக்குள் வேறு. கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போக வேண்டும், போதும், என்னால் முடியாது.' ஒருவர் காட்டினால் போதும், எல்லோரும் சேர்ந்து ஏறிவிட வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. முதல் நாள் வகுப்பில் சொல்லித் தருவது இது. சாருக்கும் தெரியும், எத்தனையோ முறை இறங்கியவர். ஆனால் ஆயுசு முழுக்கக் கோயம்புத்தூரில் சூப்பர் காட்டிய கை, மறந்துவிட்டது.

பிரிட்டோ உறுதிப்படுத்திக்கொள்ள அவனும் கட்டைவிரலைக் காட்டினான். 'மேலேயா?' சார் குஷியில் இரண்டு கட்டைவிரலையும் காட்டினார். பிரிட்டோ தலையை ஆட்டிவிட்டு, அவர் கையைப் பிடித்து, ஏறத் தொடங்கிவிட்டான். அவர் காலை உதறுகிறார், கீழே கையைக் காட்டுகிறார். ம்ஹும். நானும் பின்னால் ஏறினேன். பாதி வழியில், அழுத்தம் உடம்புக்குப் பழகச் சில நிமிஷம் நிற்க வேண்டிய இடத்தில், மூன்று பேரும் தொங்கிக்கொண்டு, எங்கள் காலுக்குக் கீழே மந்தை முழுவதும் மேய்ந்தபடி கடந்து போவதைப் பார்த்தோம்.

படகில் ஏறியதும் சார் முகமூடியைக் கழற்றி எறிந்தார்.

"அட ஏனுங்! நா சூப்பர்னு சொன்னனுங்க!"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா ஏத்துனீங்க?"

"கட்டைவிரலக் காட்டிட்டா ஏறிரணும் சார். ஒருவேளை நெசமாவே முடியலன்னா? அதுல நான் யோசிக்க மாட்டேன்."

சார் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், படகோட்டியும் சிரித்தார். "மூணு தேசம் சுத்தி, கடைசீல என்ற கைவிரலே எனக்குச் சத்ருங்க" என்றார். இருந்தாலும் பார்த்துவிட்டார். சாயங்காலம் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சிரிக்கவில்லை. பிரிட்டோ சொன்ன கடைசி வார்த்தைக்குப் பிறகு எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அதில் நான் யோசிக்க மாட்டேன்.

குளித்தேன். இரண்டு தோசை.

பிப்ரவரி 19

நேற்று எழுதாததை எழுதிவிடுகிறேன். எழுதிவிட்டு டீ போட வேண்டும்.

ஜனவரி நான்கு, போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி. பிரசவ அறைக்குள் ஆண்களை விடமாட்டார்கள். கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. வலி வந்து வந்து போகிறது, இனி நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கண்ணாடிக்கு வெளியே பிரிட்டோவின் முகம் வந்தது. விரலை வளைத்து வட்டம் காட்டினான். 'ஓகேயா?'

நான் கையைத் தூக்கிக் கட்டைவிரலைக் காட்டினேன்.

பக்கத்திலிருந்த நர்ஸ் சிஸ்டர், "ஆங், தைரியமான பொண்ணு" என்றார். அவருக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். பத்து வருஷமாகக் கடலுக்கு அடியில் நாங்கள் இரண்டு பேரும் பேசிய பாஷை அது. போதும், என்னால் முடியாது, என்னை மேலே கூட்டிப்போ.

அவன் தலையை ஆட்டினான். முகம் கண்ணாடியிலிருந்து போய்விட்டது. கடையில் கெஸ்ட் இருப்பதாகச் சொல்லி மத்தியான ஃபெர்ரியில் ஹாவ்லாக் போய்விட்டான் என்று பிறகு சொன்னார்கள். மறுநாள் வந்தான். அதற்குள் எல்லாம் முடிந்து, எடுத்துப் போயிருந்தார்கள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவன் சூப்பர் என்று நினைத்துக்கொண்டான், பாவம், பதற்றத்தில் மறந்துவிட்டான். இதுவரை அப்படித்தான் எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். நேற்று வரை அது போதுமானதாக இருந்தது.

டீ.

பிப்ரவரி 20

சார் கிளம்பிவிட்டார். போகும்போது என் தலையில் கை வைத்து, "நல்லாச் சாப்பிடு கண்ணு" என்றார். கோயம்புத்தூர் வந்தால் மோட்டார் பம்ப் பாதி விலைக்குத் தருவாராம். கிணறு எங்கே இருக்கிறது எனக்கு!

பின்பக்கம் பிரிட்டோ வெட்சூட்டுகளை அலசிக்கொண்டிருந்தான். நான் காலில் மாட்டுகிற ஃபின்களை அலசினேன்.

"நாளைக்குக் காலைல ஃபெர்ரில போறேன். அக்கா ஊருக்கு டிக்கெட் போட்டுருக்கா" என்றேன்.

"எப்ப வருவ?"

"வருவனான்னு கேளு."

அவன் அடுத்த வெட்சூட்டை எடுத்துக் குழாய்க்கு அடியில் பிடித்தான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த மனுஷன் கட்டைவிரலக் காட்டுனாரு. தப்பாத்தான் காட்டுறாருன்னு தெரிஞ்சும் ஏறுன."

"ரூல் அதுதான ஜெசி."

"நானும் காட்டுனேன்."

குழாயை மூடினான்.

"சூப்பர்னு நெனச்சிட்டியா? ஆமான்னு சொல்லிரு பிரிட்டோ. நா நம்பிக்கிறேன்."

"இல்ல" என்றான். "பாத்த ஒடனே தெரிஞ்சிச்சி. உள்ள விடமாட்டாவதான், ஆனா சண்டை போட்டா விட்டிருப்பாவ. போடல. வேத்து ஊத்திருச்சி. கால் நேரா ஃபெர்ரி ஜெட்டிக்குப் போயிருச்சி."

"கெஸ்ட் இருந்தாங்கல்ல."

"ஒரு கெஸ்டும் கெடயாது. சும்மா சொன்னேன். கடையப் பூட்டிட்டு உள்ள உக்காந்திருந்தேன்."

கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எறிந்தேன். ஃபின். அவன் தோளில் பட்டது. இன்னொன்றையும் எறிந்தேன். தொட்டியிலிருந்த முகமூடிகளையும் ஒவ்வொன்றாக எறிந்தேன். ஒன்றின் கண்ணாடி உடைந்தது. "நா அங்க தனியாக் கெடந்தேன்டா! தனியா!" என்று கத்தினேன். பக்கத்து ரிசார்ட்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவன் நகரவில்லை, தடுக்கவுமில்லை. பட்டுக்கொண்டு நின்றான்.

கோபம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. எழுத்து கோணலாக இருக்கிறது.

ராத்திரி சாப்பிடவில்லை. பசித்தது, ஆனால் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 21

ஃபெர்ரியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெட்டியை அவன்தான் படகுத்துறைக்கு, ஜெட்டிக்கு, தூக்கி வந்தான். வேண்டாம் என்று சொல்ல அலுப்பாக இருந்தது. வரிசை நகரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டிக்கெட் பார்க்கிறவர் யாரோடோ இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஜெசி" என்றான். "பெறகு உள்ள என்ன ஆச்சி?"

இந்த ஒன்றரை மாதத்தில் கேட்க வேண்டிய கேள்வி. ஜெட்டியில் நின்றுகொண்டு கேட்கிறான். சொல்லாமல் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உனக்கு எதற்கு, கடைக்குள் உட்கார்ந்திரு என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவன் கையால் எதையும் காட்டாமல் வாயைத் திறந்து கேட்டான். முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"மூச்சு இருந்துச்சி" என்றேன். "கொஞ்ச நேரந்தான். உள்ளங்கை அளவுக்கு இருந்துச்சி. வெரல்ல நகங்கூட வந்துருந்துச்சி. அந்த சிஸ்டர் வேதக்காரி, நாகர்கோவில் பக்கம். ஓடிப்போயி ஒரு கிண்ணத்துல தண்ணி கொண்டாந்துச்சி. ஞானஸ்நானம் குடுத்துருவோம், சாமியாருக்குக் காத்திருக்க நேரமில்ல, பேரச் சொல்லுன்னுச்சி."

"பேரா?"

"தகப்பன்தான சொல்லணும். நீ இல்ல. நா சொன்னேன்."

"என்ன பேரு சொன்ன?"

"மிக்கேலம்மா."

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. வாய் கோணிக்கொண்டு போயிற்று.

"பொண்ணா?" என்றான். "எங்கம்மா பேரா வச்ச?"

"மூத்தது பொண்ணுன்னா அப்பாவப் பெத்தவ பேருதான வைக்கணும். வேற என்ன பேரு வைக்கச் சொல்லுத?"

என் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான். பின்னால் நின்ற ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார்கள். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான், ஜெட்டி முழுக்கப் பார்க்க. எனக்கு அவனைத் தொடத் தோன்றவில்லை. தொட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் பக்கத்திலேயே நின்றேன், வரிசையை விட்டு நகராமல், அவன் எழுந்திருக்கும் வரைக்கும்.

எழுந்து பெட்டியை என் பக்கம் தள்ளினான்.

"அம்மாட்ட நா போன்ல சொல்லட்டா?"

"வேண்டாம். ஊர்லதான இருப்பேன். நேர்ல போயி நானே சொல்லிக்கிறேன்."

"அழுவாவ."

"அழட்டும். பேத்திக்கு அவுங்கதான அழணும்."

"பெறகு நா வந்து கூட்டிக்கிடட்டா?" என்று கேட்டான்.

"வந்து கேளு" என்றேன். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்கே தெரியாததை நான் எங்கே போய்ச் சொல்வேன்?

ஃபெர்ரி கிளம்பி, தீவு சின்னதாகிற வரைக்கும் சாதாரணமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். தின்பதற்கு என்ன இருக்கிறது என்று பையைத் திறந்து பார்த்தேன். அக்காவுக்காக எழுதினேன், இதோ இந்த வரி வரைக்கும். மிக்கேலம்மா என்று மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்தப் பேரை அறைக்குள் ஒரு தரம் சொன்னேன், இன்று ஜெட்டியில் ஒரு தரம் சொன்னேன், எழுதியது இப்போதுதான். அப்போது வந்துவிட்டது. முன் சீட்டில் நெற்றியை முட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக, சத்தமாக அழுதேன். நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் விருப்பமில்லை.

பக்கத்து சீட்டுப் பெங்காலி அம்மா, கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி வருகிறது என்று நினைத்து, ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து என் வாய்க்குக் கீழே பிடித்தார். இன்னொரு கையால் முதுகைத் தடவிக்கொடுத்தார். கவரை வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.